ஃபிளக்ஸில் வந்த முகம்

"டீச்சர், ஜோஸ்னாவ கெட்டிக்காரப் பிள்ளைகளுக்க அந்த கிஃப்டட் வகுப்பில இருந்து மாத்திவிடுங்க. பாடம் ஒண்ணும் பிடிபடல்லேன்னு மூணு நாளாட்டு பட்டினி கெடக்கா," என்று கெஞ்சினாள் அவள் அம்மா லிஜி.

தலைமை ஆசிரியை மறுத்தார். "அந்த வகுப்புக்க தேர்வில அவளுக்குத் தொண்ணூறு மார்க்காக்கும். உதியன்குளங்கரை முக்கில அவ படம் போட்டு ஃபிளக்ஸும் வச்சாச்சு. இரட்டையில மற்றவ ஜெனிலாவுக்கு நாப்பதுதான்."

லிஜி உடைந்து அழுதாள். "அன்னைக்கு ஜோஸ்னாவுக்குக் காய்ச்சல், டீச்சர். காலை பேட்சில தனக்க பேருல எழுதின ஜெனிலாவத்தான், மத்தியானம் ஜோஸ்னாவுக்க பேருலயும் அனுப்பினேன். ரெண்டு வேளையும் ஒரே கேள்வித்தாள். இடையில அவ விடையெல்லாம் படிச்சுப் போட்டா."

ஆசிரியை எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லாதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே முகந்தானே, ஃபிளக்ஸில பேர மட்டும் மாத்தினா போரும். நாளையில இருந்து அந்த வகுப்புக்கு ஜெனிலாவ அனுப்புங்க."