தானாக நிற்கும் பாட்டு

அருமைநாயகம் சட்டைப் பையிலிருந்த எம்பி3 பிளேயரை எடுத்துக் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்தார். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. இயர்போன் வயர் அதைச் சுற்றிச் சிக்கலாகக் கிடந்தது.

“இது கெட்டுப்போச்சும்மா. வேற ஒண்ணு பாக்கணும்.”

கடைப்பெண் சுவிட்சை அழுத்திக் காதில் வைத்துப் பார்த்தாள். “நல்லாத்தானே சார் பாடுது?”

“பாடும். நிக்கத்தான் மாட்டேங்குது. முன்னெல்லாம் நான் தூங்கினதும் தானா நின்னுரும். இந்தக் கோடையில இருந்து விடிய விடியப் பாடி, காலையில சார்ஜ் இல்லாமக் கெடக்கு.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். “இந்த மாடல்ல தானா நிக்கிற வசதியே கிடையாது சார். யாராச்சும் நிறுத்தினாத்தான் உண்டு.”

“என்னம்மா நீ, இத்தனை வருஷமா நின்னுச்சே! வயரை என் வீட்டுக்காரி சுத்தி வைப்பா, அவ இருந்தவரைக்கும். ஆனா பாட்டு அதுவாத்தான்...”

அவர் பார்வை சிக்கலாகக் கிடந்த வயர்மேல் போனது.

அவள் புதிய பிளேயர் ஒன்றை எடுத்து வைத்தாள். “இதுல அரை மணி நேரம்னு வச்சிட்டீங்கன்னா அதுவே நின்னுரும் சார்.”

அவர் அதைத் தொடவில்லை. பழைய பிளேயரின் வயரைப் பிரித்து, இரண்டு விரல்களில் எட்டுப் போலச் சுற்றிப் பார்த்தார். பாதியில் நழுவியது. மறுபடியும் முதலிலிருந்து சுற்றினார்.

“புதுசுக்கு பில் போடவா சார்?”

“வேணாம்மா,” என்றார், வயரிலிருந்து கண்ணை எடுக்காமல். “இது கெட்டுப்போகல.”