பதினெட்டுப் புட்டிகளுக்கு ஒரு சாவி

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பதினெட்டுப் புட்டிகள் படுத்திருந்தன.

நிற்க வைக்கவில்லை. படுக்க வைத்திருந்தார்கள். கார்க் காய்ந்துவிடக் கூடாதாம்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

விற்பனைப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். ஒயினுக்கென்றே செய்த பிரிஜ். பதின்மூன்று டிகிரி, கூடாது, குறையாது. வெளிச்சம் ஆகாது என்று கண்ணாடியில் கறுப்புப் பூச்சு. அதிர்வு ஆகாது என்று சத்தமே போடாத மோட்டார். பெரிய ஓட்டல்காரர்கள்தான் வாங்குவார்களாம்.

அவருக்கு வாய் பிளந்துவிட்டது. பெற்ற பிள்ளையை இப்படிப் பார்த்துக்கொண்டவர்கள் அவர் தெருவில் யாரும் இல்லை. அவரையும் சேர்த்துத்தான்.

அவர் ஓட்டல்காரர் இல்லை. கோயில்பிள்ளை. கடலோரத்து மாதா கோயிலில் மணி அடிப்பது, பீடத்தைத் துடைப்பது, பூசைக்குத் திராட்சை ரசம், அதாவது ஒயின், எடுத்து வைப்பது எல்லாம் அவர் வேலை. வேலைக்கு வந்து பதினோரு வருடம்.

குடியை விட்டும் பதினோரு வருடம்.

முதல் கணக்கு ஊருக்குத் தெரியும். இரண்டாவது அவர் மனைவிக்கு மட்டும். வேலைக்குச் சேர்த்த பழைய சாமியாருக்குத் தெரிந்திருந்தது, அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

பூசை ரசத்தை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றுவார். ஒரு நாளும் முகர்ந்ததில்லை. முகர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அதனால்தான் இந்தக் கோடையில் ரசம் புளித்துப்போனது தெரியாமல் போயிற்று.

உயிர்ப்பு ஞாயிறு, ஈஸ்டர். கோயில் கொள்ளாத சனம். இப்போதைய சாமியார் லியோன் சாமி கிண்ணத்தை உயர்த்தினார், குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பூசை முடிந்து அங்கியைக் கழற்றும்போதுதான், "புளிச்சிருந்துச்சு அண்ணாச்சி, வெயில்தான். பிரிஜ் ஒண்ணு பாத்துட்டு வாங்க" என்றார்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இதுவரை பிஷப் இல்லத்திலிருந்து ஒவ்வொரு புட்டியாகத்தான் வரும். பிரிஜ் வந்தால் வருடத்துக்குரியது மொத்தமாக வந்து இறங்கும். சாவி கோயில்பிள்ளையின் இடுப்பில்.

"திறந்து பாருங்க சார்."

அந்தப் பெண் சாவியை நீட்டினாள். வாங்கினார். விரல் நீளம்கூட இல்லை.

திறக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து வாஷிங் மெஷின்களுக்கு நடுவே போய் நின்றார். சாமியாருக்குப் போன் போட்டார். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டார். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. அந்த வேலைதான் அவரைத் தூக்கி நிறுத்தியது.

"சாமி, சாமான் நல்லா இருக்கு. சாவி மட்டும் எங்கிட்ட வேண்டாம். நீங்களே வச்சுக்கங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"நான் பழைய குடிகாரன், சாமி. விட்டுப் பதினோரு வருசம் ஆச்சு. வாசனைக்குப் பயந்துதான் அந்த ரசத்த மோந்துகூடப் பாக்கல. தப்பு எம்மேலதான்."

மறுமுனையில் காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கிட்டயும் வேண்டாம், அண்ணாச்சி."

பிறகு, மெதுவாக:

"எனக்கு நாலு வருசம்."

அவர் பக்கத்திலிருந்த மெஷினில் கையை ஊன்றிக்கொண்டார்.

நாலு வருடம்.

தினமும் காலை ஆறு மணிப் பூசை. தினமும் ஒரு வாய். அந்த ஒரு வாயோடு நிறுத்தி, கிண்ணத்தைத் துடைத்து, மூடி வைத்து, பீடத்தை முத்தமிட்டு, சிரித்த முகமாகக் கீழே இறங்கி வந்து பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போட்டிருக்கிறார்.

இரண்டடி தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இவர் நின்றிருக்கிறார்.

தன் பதினோரு வருடத்தை ஒரு பெரிய காரியமாக நினைத்திருந்தார். இப்போது அதை வெளியில் சொல்லவே கூச்சமாக இருந்தது. இவர் ஓடி ஒளிந்தார். அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

பிரசங்கங்களில் எத்தனையோ புதுமைகளை, அற்புதங்களைக் கேட்டிருக்கிறார். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை என்றுதான் நினைத்திருந்தார்.



"சாமி, அப்படியே லைன்ல இருங்க."

திரும்பி நடந்தார். பெண் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"இதுக்கு ரெண்டு பூட்டு போட முடியுமாம்மா? வேற வேற சாவியா?"

"கம்பெனில ஒண்ணுதான் சார் வரும். இன்னொண்ணு வேணும்னா வெளிய தனியா மாட்டணும். இவ்ளோ அழகான கதவு, பாக்கவே நல்லா இருக்காது."

"பரவால்ல."

"ஒருத்தர் ஊர்ல இல்லன்னா இன்னொருத்தர் திறக்க முடியாதே சார்?"

போன் இன்னும் காதில்தான் இருந்தது. அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஆமாம்மா," என்றார். "ரெண்டு பேரும் பக்கத்துல நின்னாத்தான் திறக்கணும்."