வேலிக்கு இந்தப் பக்கம்

வானத்தின் மேலடுக்கை ரேடியோ அலைகளால் சூடாக்கிப் பார்க்கும் நிலையத்தில் கோமதிநாயகத்துக்கு வேலை. அங்கே ஆன்டெனாக்களுக்குக் கீழே டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் ஒயர் இல்லாமலே எரியும். அலை அவ்வளவு உக்கிரம். "எல்லாம் நேரா மேலதான் போகுது. வேலிக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் வராது" என்று ஊர்க்காரர்களிடம் சத்தியம் செய்தவன் அவன்தான்.

வேலியோரம் குருவிகள் செத்து விழத் தொடங்கியபின் ஓர் அந்தியில், டியூப்லைட் ஒன்றை ஏந்திக்கொண்டு வெளியே நடந்தான், எங்கே அணைகிறது என்று பார்க்க. வேலியைத் தாண்டியும் அது அணையவில்லை. டீக்கடையில் எரிந்தது. பள்ளிக்கூட வாசலில் எரிந்தது. தன் வீட்டுப் படியேறியபோதும் எரிந்துகொண்டிருந்தது.

தொட்டிலில் வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை அதைப் பார்த்ததும் அழுகையை விட்டுச் சிரித்தது.

"கரண்ட் போன நேரத்துல நல்ல சாமான் கொண்டாந்தீங்க" என்று மனைவி சண்முகவடிவு அதை வாங்கித் தொட்டிலுக்கு மேலே கட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெல்லச் சொன்னாள்: "பிள்ள தூங்கிட்டா. லைட்ட அமத்திருங்க."