சிவப்பு ஒட்டிய வீடு

"சீ! இது எந்த வீட்டு அழுக்கு?"

பளீலா டீச்சர் கேட்டதும் ஏழாம் தரம் முழுவதும் மூக்கைப் பொத்திக்கொண்டது. பஹ்மாவின் கையில் இருந்த ஜாம் போத்தலுக்குள் நுளம்புப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

டெங்கு பற்றிய வகுப்புச் செயற்றிட்டம் அது. பிள்ளைகள் வீடு வீடாகப் பார்த்து, ஊர் வரைபடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சுத்தமான வீட்டுக்குப் பச்சை, புழு இருக்கும் வீட்டுக்குச் சிவப்பு. முடிவில் புத்தளத்திலிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிளைட்டன் சேர் வந்து பேசுவார். காட்டிப் பேசுவதற்கு உண்மையான புழு வேண்டும், கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்.

டீச்சருக்கோ வேறு ஆசை. விருந்தினர் வரும்போது வரைபடம் பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும். முதல் பச்சையைத் தன் வீட்டுக்குத் தானே ஒட்டி, "என்னப் பாத்துப் படிங்க" என்று சொல்லியும் வைத்திருந்தார். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்களா? புழுவைக் கண்டவர்களும் காணாத மாதிரி வந்து பச்சையை ஒட்டிவிட்டார்கள்.

இந்த ஒருத்தி மட்டும் போத்தலோடு வந்து நிற்கிறாள். அதுவும் வந்திருக்கும் விருந்தினர் முன்னால்!

கிளைட்டன் சேர் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லா வீடும் பச்சை. அப்ப இந்த ஊருக்குக் காய்ச்சல் கடலால வருதா? இந்தப் பிள்ளைக்குத்தான் கண் இருக்கு. எங்க மகள் எடுத்தீங்க?"

"குசினி அலுமாரிக் காலுல சேர். எறும்பு ஏறாம இரிக்க மீன் டின்ல தண்ணி ஊத்தி வைப்பாங்கதானே, அதுக்குள்ள."

"சரியான இடம்! முத்தம் வாசலக் கூட்டுவாங்க, அலுமாரிக்குக் கீழ குனிஞ்சு பாக்க மாட்டாங்க. மிச்சத் தண்ணி?"

"ஊத்திட்டன் சேர். நாலு டின்னையும் தேச்சுக் கழுவி, வேற தண்ணி விட்டு, கல்லுப்பும் நல்லாப் போட்டு வச்சிட்டன்."

"உப்புத் தண்ணியில அந்தப் புழு தங்காது. உப்பு விளையிற ஊர்ப் பிள்ளையெண்டா சும்மாவா!"

அவர் கைதட்ட, வகுப்பும் கைதட்டியது. டீச்சருக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"அதெல்லாம் சரி. எந்த வீடு எண்டு சொல்லு."

பஹ்மா டீச்சரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலை குனிந்துகொண்டாள்.

"முழிச்சுத் தப்ப ஏலாது. யார்ட வீடா இரிந்தாலும் சிவப்பு ஒட்டத்தான் வேணும். போ, ஒட்டு."

பஹ்மா சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சட்டென்று ஓர் இடத்தில் ஒட்டினாள்.

"எங்கட வீடு டீச்சர்."

"அல்லாஹ்! இடியாப்ப வீடு!" என்று பின் வாங்கில் உட்கார்ந்திருந்த ஹுனைஸ் கத்தினான். "புழு இடியாப்பம்!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பஹ்மாவின் உம்மா சுல்பா அவித்து விற்கும் இடியாப்பம்தான் தினமும் டீச்சர் வீட்டில் காலைச் சாப்பாடு. டீச்சர் குளித்து உடுக்கிற நேரத்தில் பஹ்மாவே கொண்டுவந்து குசினிக்குள் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.

பின்னேரமே டீச்சர் புறப்பட்டார். இனி இடியாப்பம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வாங்கித் தின்கிற மற்ற வீடுகளுக்கும் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகள், சும்மா விடலாமா?

"வாங்க டீச்சர், இரிங்க." சுல்பா அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டாள். "மகள் ஓதப் போயிட்டா."

"இரிக்க வரல்ல. உங்கட குசினிய ஒருக்காப் பாக்கோணும்."

சுல்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும், "ஓம், வாங்க" என்று முன்னே நடந்தாள்.

இடியாப்ப உரலும் தட்டுகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மா வாளி மூடியிருந்தது. சுவரில் அறைந்திருந்த பலகையில் உப்பும் தூளும் வரிசையாக நின்றன. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

டீச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அலுமாரி எங்க?"

"அலுமாரியா?" சுல்பா சிரித்துவிட்டாள். "எங்களுக்கு ஏது டீச்சர் அலுமாரி? எல்லாத்துக்கும் இந்தப் பலகதான்."

"இல்ல... காலுக்கு டின் வச்சு, தண்ணி ஊத்தி..."

"காலொண்டு இரிந்தாத்தானே டீச்சர் டின் வைக்க!"

டீச்சர் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வந்ததைவிட வேகமாகத் திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போனார். எத்தனையோ மாதமாகக் குனிந்து பார்க்காத தன் அலுமாரியின் முன்னால் முழங்காலிட்டு, போன் லைட்டை அடித்தார்.

நாலு காலுக்கும் வைத்த மீன் டின்கள் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தன. தெளிந்த தண்ணீருக்கு அடியில் கல்லுப்பு இன்னும் கரையாமல் கிடந்தது.