நிலா வைத்திருந்தவர்

"உள்ளதை மட்டும்தான் சொல்லணும். யாரும் கயிறு திரிக்கக் கூடாது, சரியா?"

ஸ்பானிஷ் டீச்சர் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். 'தெங்கோ' என்றால் 'என்கிட்ட இருக்கு'; 'உன்' என்றால் 'ஒரு'. வரிசையாக எழுந்து, அவரவர் வீட்டில் இருப்பதைச் சொல்ல வேண்டும். அன்றைய மாலைப் பாடம் அவ்வளவுதான்.

ரொட்டிக்கடைக்காரர் எழுந்தார். "தெங்கோ உன் பெரோ."

"நாய்க்கு அந்த 'ர' பத்தாது சார். நாக்கு நுனி அதிரணும், பழைய ஸ்கூட்டரைக் கிளப்பற மாதிரி. பெர்ர்ரோ!"

வகுப்பே ஸ்கூட்டரைக் கிளப்பியது.

அடுத்தவர் டிரைவர். ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் மனிதர்.

"தெங்கோ உன் கபாயோ!"

குதிரையாம்.

"தெங்கோ உன் ஹர்தீன்!"

தோட்டமாம். டீச்சர் முறைத்தார். அவரோ ஜன்னலுக்கு வெளியே, கருநீலமாகிக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தபடி, "தெங்கோ லா லூனா" என்றார்.

நிலாவும் அவருடையதாம்! எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவ்வளவு வயசாகியும் இப்படிப் புளுகறீங்களே, உட்காருங்க சார்!" டீச்சருக்கு நிஜமாகவே எரிச்சல்.

அடுத்து கண்ணாடிக்கடைப் பெண். எழுந்தவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிலாதான் என்னோடது. மிச்சத்தையெல்லாம் நீ எடுத்துக்கம்மா" என்றார் டிரைவர்.

அவள் லேசாகச் சிரித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெங்கோ... உனா காஸா."

ஒரு வீடு. நீலக் கதவு. மாடியில் ரோஜாத் தொட்டி. ஜன்னலோரம் அம்மாவின் நாற்காலி. தூக்கத்தில் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக வந்தது. கொஞ்ச நேரம் எல்லாரும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தார்கள். டீச்சருக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது போலவே இருந்தது.

"இதுதான் பேச்சு!" டீச்சர் கைதட்டினார். "உள்ளதைச் சொன்னா எவ்வளவு அழகா வருது பாருங்க. அடுத்த வகுப்புக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டு போட்டோ கொண்டு வாங்க. டிரைவர் சாரோட குதிரையையும் பார்த்திடலாம்!"

வகுப்பு கலைந்தது. டிரைவர் மட்டும் தயங்கி நின்றார்.

"போட்டோ வேண்டாம் டீச்சர்."

"ஏன், குதிரை வெட்கப்படுதா?"

"எனக்காகச் சொல்லல. அந்தப் பொண்ணோட வீடு போன வாரம் எரிஞ்சு போச்சு. தீயணைப்பு வண்டிய ஓட்டிட்டுப் போனதே நான்தான். கதவுகூட மிஞ்சல."

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

"உள்ளதைத்தான் சொல்லணும்னா, பாவம், அவ என்னத்தைச் சொல்லுவா? அதான் அவ எழுந்திருக்கறதுக்குள்ள நான் கொஞ்சம் புளுகி வச்சேன்."