சிங்கத்துக்கு பீஸ் ரேட்

“ஒரு சிங்கம் எவ்வளவுங்க விழுகுது?”

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார் மயில்சாமி. டிராவல்ஸ் ஆபீஸில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் ஜெயபாரதியிடம் சிங்கத்துக்கு விலை கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“சிங்கத்துக்குத் தனி ரேட் இல்லீங்க சார். கென்யா சபாரி ஏழு நாளு, எல்லாம் சேர்த்துத்தான் பேக்கேஜு. ரெண்டு பேருக்கு எட்டு லட்சத்து இருபதாயிரமுங்க.”

“பீஸ் ரேட் தெரியாம எப்படிங்க அம்மிணி காஸ்டிங் போடறது? சரி, நாங்க போற நேரம் பார்த்து சிங்கம் தூங்கிட்டிருந்தா? அதை டேமேஜ் பீஸாட்டம் செகண்ட்ஸ்ல தள்ளி ரேட்டைக் கொறைச்சுக் குடுப்பீங்களா?”

ஜெயபாரதி அவர் பக்கத்தில் இருந்த கோமளாவைப் பார்த்தாள். மயில்சாமியின் மனைவி கோமளாவோ சுவரில் ஒட்டியிருந்த சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனுப்பர்பாளையத்தில் மயில்சாமிக்குப் பன்னிரண்டு மெஷின் போட்ட பனியன் கம்பெனி. அங்கே வெட்டி மிஞ்சும் துணியை விற்கிற காசு கோமளாவுக்கு என்பது கல்யாணமான புதிதில் பேசி வைத்தது. பதினோரு வருடமாக அதில் ஒரு பைசா எடுக்காமல் பேங்கில் போட்டு, நாலு லட்சத்துப் பதினைந்தாயிரம் சேர்த்துவிட்டாள்.

அவள் ஆசை ஒன்றே ஒன்றுதான். கூண்டில்லாத சிங்கத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதை வெளியே சொன்னதுதான் தப்பாகிவிட்டது. “நானும் வர்றேன், காஸ்டிங்கை எங்கிட்ட உடு, உன் காசுக்குள்ளயே முடிச்சுக் காட்டறேன்” என்று மயில்சாமி கிளம்பிவிட்டார்.

“இதென்னுங்க, பலூனுக்கு எழுபதாயிரம்?”

“காத்தால பலூன்ல ஏறி, மேல இருந்து காட்டைப் பார்க்கறதுங்க சார்.”

“எங்கூரு தேருக்கு வாங்க, பத்து ரூபாய்க்குப் பலூனு. அதை அடிங்க.”

ஜெயபாரதி தாளில் பலூன் மேல் கோடு போட்டு அடித்தாள். பலூன் போட்டோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த கோமளாவின் முகம் சுருங்கியது.

“காண்டாமிருகத்துக்கு இருபத்தி நாலாயிரமா? காங்கேயத்துக்குப் போனா அதைய உடப் பெருசாக் கொம்பு வெச்ச காளையே நிக்குது. அடிங்க. ஏரியில படகுல போயி முதலை பார்க்கறது பதினெட்டாயிரம். முதலை அமராவதி டேம்லயே வாயைத் தொறந்துட்டுக் கெடக்குது. அதையும் அடிங்க.”

“ஏனுங்க, முதலையாவது இருக்கட்டுமுங்க” என்றாள் கோமளா.

“நீ சும்மா இரு கோமளா. மேல தொறக்கற ஜீப்பு எதுக்குங்க அம்மிணி? யானை பார்க்கறதுக்குக் குட்டியானை லோடு வண்டி போதாதா? பின்னாடி நின்னுக்கறோம்.”

குட்டியானை வண்டி கென்யாவில் கிடைக்காது என்று ஜெயபாரதி எடுத்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. கடைசியில் வேறு ஆட்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்வது என்று முடிவாகி, அதில் முப்பதாயிரம் குறைந்தது. மயில்சாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

“சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? கோயமுத்தூர்ல இருந்து லேடீஸ் குரூப் ஒண்ணு இதே தேதியில போறாங்க. அதுல ஒரு எடம் மட்டும் காலியா இருக்குது…”

“ஒரு எடத்தை வெச்சுட்டு என்னங்க பண்றது? ஒருத்தர் மடியில ஒருத்தரு உட்கார்றதா? மேல சொல்லுங்க.”

மேலே சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பிளேன் டிக்கெட், விசா, ரூம், சாப்பாடு, சிங்கம் இவ்வளவுதான் தாளில் நின்றன. கூட்டிப் பார்த்தால் ஆறு லட்சத்து எழுபத்தெட்டாயிரம்.

மயில்சாமி இரண்டு தடவை கூட்டினார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காஸ்டிங்கில் தோற்றுப்போன கோபத்தில் பேனாவை மேஜை மேல் போட்டார்.

“இது கட்டுப்படி ஆகாது கோமளா. பேசாம டிரிப்பை உட்டுரு. உன்ற காசுல மூணு ஓவர்லாக் மெஷின் எடுத்துப் போட்டா, சிங்கமாட்டம் ஓடும்.”

கோமளா தாளில் விழுந்திருந்த கோடுகளைப் பார்த்தாள். பதினோரு வருடம் மூட்டை மூட்டையாகத் துணி கட்டி ஏற்றி அனுப்பியது ஓவர்லாக் மெஷின் பார்க்கவா? எழுந்து போகத்தான் நினைத்தாள். ஆனால் கணவர் போட்ட பேனாவைக் கையில் எடுத்து, தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பலூனைத் திரும்பப் போடு கண்ணு.”

“அக்கா?”

“காண்டாமிருகத்தைப் போடு. முதலையையும் போடு. ஜீப்பு மேல தொறக்கற ஜீப்பாவே இருக்கட்டும்.”

மயில்சாமி பதறிவிட்டார். “ஏனுங்கறேன், உனக்குக் கணக்குத் தெரியுமா தெரியாதா? எட்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு எங்க போறது?”

ஜெயபாரதிக்கும் அதே சந்தேகம்தான். “ஆமாங்கக்கா. எல்லாத்தையும் திரும்பப் போட்டா உங்க காசுக்குள்ள எப்படி வரும்?”

“வரும் கண்ணு. இவரு பேரை அடி.”