டோரீன் மறந்த ஜாக்கி வீல்

"இவ கைக்கு ஏத்த மாதிரி லேசா சுத்துற ஜாக்கி வீல் ஒண்ணு காட்டுங்க. போன தடவை அம்மணி தூக்க மறந்துபோய் அது தரையில உரசிக்கிட்டே வந்துடுச்சு," என்றார் ரேமண்ட்.

டோரீன் கணவரை ஒட்டி நின்று அசட்டுச் சிரிப்பொன்று சிரித்து வைத்தாள்.

கடைக்காரர் ஸ்டுவர்ட்டும் சிரித்தார். யார்க்‌ஷயரில் கேரவன் சாமான் விற்கிறவருக்கு இது புதுக்கதை அல்ல. கேரவன் என்பது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி; காரிலிருந்து கழற்றியதும் அதன் மூக்கைத் தாங்கி நிற்பது ஜாக்கி வீல் என்கிற இந்தச் சின்னச் சக்கரம். கிளம்பும் முன் கைப்பிடியைச் சுற்றி அதை மேலே தூக்கி இறுக்க வேண்டும். மறந்தால் சக்கரமும் போகும், மானமும் போகும்.

"வாரத்துக்கு ரெண்டு பேராவது இதைச் சொல்லிக்கிட்டு வர்றாங்க மேடம். வெட்கப்படாதீங்க."

வெட்கமாவது ஒன்றாவது. அவள் அந்தச் சக்கரத்தைத் தொட்டதே இல்லை.

நாற்பத்தோரு வருடமாக வேலைகளைப் பிரித்தது பிரித்ததுதான். உள்ளே அலமாரிகளைப் பூட்டுவதும் தண்ணீரை வடிப்பதும் அவள். வெளியே கொக்கி, விளக்கு, ஜாக்கி வீல் எல்லாம் அவர். முடித்ததும் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அவள் வந்து காரில் ஏறுவாள்.

ஆகஸ்டில் விட்பி கடற்கரையிலிருந்து கிளம்பிய காலையிலும் கட்டைவிரலைக் காட்டத்தான் செய்தார்.

கால் மைல் தூரம் தீப்பொறி பறந்தது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திய பிறகுதான் நிறுத்தினார்கள். ரேமண்ட் இறங்கி, பாதியாகத் தேய்ந்துபோன சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கு முந்தின மாதம் சொந்தத் தங்கை வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றபோதும் இதே முகம்தான். திருவிழாவில் தொலைந்த குழந்தையின் முகம்.

டோரீனுக்கு வாய் முந்திக்கொண்டது.

"நான்தான் ரே. இன்னைக்கு நானே தூக்குறேன்னு உன்கிட்டச் சொல்லிட்டு, மறந்து தொலைச்சுட்டேன்."

அவர் யோசித்தார். அவள் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. சொல்லவில்லை என்று அடித்துப் பேசவும் அவரால் முடியவில்லை. கடைசியில், "மக்குடி நீ," என்றார். முகம் தெளிந்துவிட்டது.

அந்தத் தெளிவுக்காக அவள் எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் மக்காக நிற்பாள். மனிதர் மகளிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், முடிவெட்டப் போன இடத்திலும் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்று மறந்தது யார் என்று அவருக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. அவள் கேட்பது அது ஒன்றுதான்.

முதல் சக்கரத்தின் கைப்பிடி குட்டையாக இருந்தது. வேண்டாம் என்றார். இரண்டாவதில் காற்றடிக்கும் டயர். "காத்து இறங்கினா நடுக்காட்டுல இவ என்ன பண்ணுவா?" என்று தள்ளிவிட்டார். மூன்றாவது மோட்டாரில் ஏறி இறங்கியது, விலையும் எக்கச்சக்கம். பேட்டரி தீர்ந்தால் கழுத்தை அறுக்கும் என்றார்.

நான்காவது கெட்டி ரப்பர் சக்கரம். நீளமான கைப்பிடி, இறுக்குவதற்குப் பெரிய நெம்புகோல். பார்க்க ஒரு அழகும் இல்லை.

ஸ்டுவர்ட் அதை மாதிரிக்கு நிறுத்தியிருந்த கேரவனில் மாட்டினார். ரேமண்ட் டோரீனைச் சுற்றச் சொன்னார். மேலே, கீழே, மறுபடி மேலே. மூட்டு வலியோடு தரையில் மண்டியிட்டு, சக்கரத்தை விட்டுவிட்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. போன குளிர்லயே அந்த ரெண்டு விரலும் வீங்கிக் கிடந்துச்சு. இன்னொரு தடவை சுத்து."

சுற்றினாள். நிஜமாகவே வலிக்கவில்லை.

"கூட ஆள் இல்லாம ஒருத்தரே இதைச் சமாளிச்சுக்கலாமா?" என்று ஸ்டுவர்ட்டைக் கேட்டார்.

"தாராளமா சார். எங்கம்மா ஒத்தை ஆளா ஸ்காட்லாந்து வரைக்கும் போயிட்டு வர்றாங்க."

ரேமண்ட் தலையாட்டினார். அதையே கட்டச் சொன்னார்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை டிக்கியில் வைத்து மூடியதும் அவர் வழக்கம்போல் ஓட்டுநர் பக்கம் போகவில்லை. சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் மட்டுமே உட்கார்ந்த இருக்கை அது.

டோரீன் ஏறினாள்.

ரேமண்ட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கு நல்லாத்தான் பொய் சொன்ன டோரி. எனக்கு எல்லாமே நிஜமா மறந்துபோன பிறகும் அதையே சொல்லு."

அவள் கால் எட்டாததால் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.